காலியா விட்ட ஒரு இடம்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் வைவால தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "சர்குலர் க்யூல ஏன் ஒரு இடத்தைக் காலியா விடுறோம்?" பதில் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். "க்யூ ஃபுல்லா, எம்ப்டியான்னு வித்தியாசம் தெரியணும், அதுக்காக சார்." அவ்வளவுதான். ரெக்கார்டுல கையெழுத்து விழும், அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிடுவாங்க, நாமளும் மறந்துடுவோம்.

அந்த ஒரு காலி இடத்தை ஒரு வரியில கணக்குல சேர்த்து, அதே வரியோட இன்னொரு பக்கத்துல சேர்க்காம விட்டதால, ரஸ்ட் மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரியில ஒரு மெமரி பிழை ரெண்டு வருஷத்துக்கு மேல குடியிருந்தது. 2015 செப்டம்பர்ல வந்த 1.3 வெர்ஷன்ல இருந்து 1.21 வரைக்கும் எல்லா ஸ்டேபிள் வெர்ஷன்லயும் இருந்தது. 2017 நவம்பர்ல வந்த 1.22-லதான் போச்சு. இத்தனைக்கும் ரஸ்ட் பேர் வாங்கினதே மெமரி பாதுகாப்புக்காகத்தான். திருத்தம் எவ்வளவு பெருசு தெரியுமா? ஒரு நிபந்தனையில ஒரே ஒரு பேரை மாத்தினாங்க.

அந்த ஒரு பேர் ஏன் அவ்வளவு முக்கியம்னு இந்தக் கட்டுரையில படிப்படியா பார்ப்போம். ரஸ்ட் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. செகண்ட் இயர் சர்குலர் க்யூ ஞாபகம் இருந்தா போதும். பக்கத்துல ஒரு ரஃப் பேப்பர் வெச்சுக்கோங்க.

முதல்ல அந்த வட்டம்

ரஸ்ட்ல வெக்டெக்-னு ஒரு கலெக்ஷன் இருக்கு. ரெண்டு முனையிலயும் சேர்க்கலாம், எடுக்கலாம். உள்ளே அது ஒரு சர்குலர் க்யூதான். வரதராஜப் பெருமாள் கோயில் பிரகாரத்தைச் சுத்தி நடந்தா கிளம்பின இடத்துக்கே வந்து சேருவோம் இல்லையா, அதே மாதிரி கடைசி இடத்துக்கு அப்புறம் மறுபடி 0-வது இடம்.

8 இடம் இருக்கிற ஒரு வெக்டெக்கை எடுத்துக்குவோம். இடங்களோட எண் 0-ல இருந்து 7 வரை. ரெண்டு குறிகாட்டி உண்டு. டெயில்னா வரிசையில முதல் ஆள் இருக்கிற இடம். ஹெட்னா அடுத்து வர்றவர் உட்காரப் போற இடம். பேர் தலைகீழா இருக்கேன்னு தோணும், ஆனா அந்தப் பழைய கோடுல அப்படித்தான் வெச்சிருந்தாங்க.

ஹெட்டும் டெயிலும் ஒரே இடத்துல நின்னா க்யூ எம்ப்டி. 8 இடத்தையும் நிரப்பிட்டா ஹெட் சுத்தி வந்து மறுபடி டெயில் மேலேயே நிக்கும். அப்போ எம்ப்டிக்கும் ஃபுல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால 7 பேரோட நிறுத்திக்கணும். வைவா பதில் இதேதான்.

தறியில மிஞ்சுற நூல்

இங்கதான் ஒரே பொருளுக்கு ரெண்டு எண் பிறக்குது. இதைப் புரிஞ்சுக்க பிள்ளையார்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு தறி வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா போதும்.

தறியில ஏத்தின பாவோட மொத்த நீளம் ஒரு எண். அதுல புடவையா நெய்யக்கூடிய நீளம் இன்னொரு எண். ரெண்டும் சமமா இருக்காது. கடைசித் துண்டு அச்சுலயும் விழுதுலயும் கோத்தபடியே நிக்கும், அதை நெய்ய முடியாது. அடுத்த பாவோட இழைகளை அந்த மிச்ச நூலோடதான் ஒவ்வொண்ணா பிணைப்பாங்க. மொத்தம் எவ்வளவு, நெய்ய எவ்வளவுன்னு நெசவு பண்றவங்க குழப்பிக்கவே மாட்டாங்க. குழப்பிக்கிட்டா கடைசிப் புடவைக்கு முந்தி இருக்காது.

வெக்டெக்லயும் இதே கதைதான். மொத்த இடம் 8. அதைச் சொல்ற உள் ஃபங்ஷன் பேர் கேப். பயன்படுத்தக்கூடிய இடம் 7. அதை வெளியே இருக்கிற நமக்குச் சொல்ற ஃபங்ஷன் பேர் கெபாசிட்டி. கேப்புல இருந்து ஒண்ணைக் கழிச்சா கெபாசிட்டி. பேரைப் பாருங்க: ஒண்ணு இன்னொண்ணோட சுருக்கம் மாதிரியே இருக்கு. ஆனா அளக்கிறது வேற வேற.

ரிசர்வ் என்ன செய்யணும்

"இன்னும் இத்தனை பேர் வரப்போறாங்க, இடம் தயாரா வை"ன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு ரிசர்வ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அது செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு, தேவையான மொத்த இடத்தைக் கணக்குப் போடணும். இப்போ இருக்கிறவங்க, அந்தக் காலி இடம் ஒண்ணு, புதுசா வரப்போறவங்க, மூணையும் கூட்டணும். வர்ற விடையை அடுத்த ரெண்டின் அடுக்குக்கு ஏத்தணும், அதாவது 8, 16, 32 மாதிரி. இதுக்குப் புது கேப்னு பேர்.

ரெண்டு, இருக்கிற இடம் போதலைன்னா பெரிய பஃபர் வாங்கணும்.

மூணு, பஃபர் பெருசானதும் உட்கார்ந்திருக்கிறவங்களை ஒழுங்கு பண்ணணும். இது ஏன்னு கேட்டா, 8 இடம் இருந்தப்போ 7-க்கு அடுத்தது 0. இப்போ 16 இடம் வந்துட்டா 7-க்கு அடுத்தது 8. சுத்தி வந்து 0, 1-ல உட்கார்ந்தவங்களை 8, 9-க்கு மாத்தினாதான் வரிசை தொடர்ச்சியா இருக்கும். அந்த ஆரம்பத் துண்டு சின்னதா இருந்தா அதை இப்படி நகர்த்துவாங்க. இல்லைன்னா டெயில்ல இருந்து பழைய முடிவு வரை இருக்கிற துண்டை புது பஃபரோட கடைசிக்குத் தள்ளுவாங்க. எது குறைவோ அதை நகர்த்துறது, நல்ல யோசனைதான்.

மூணாவது வேலை முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குதுன்னு கவனிங்க. இடம் நிஜமாவே பெருசாயிடுச்சுங்கிற நம்பிக்கை. அந்தக் கோடு அன்சேஃப் பிளாக்குக்குள்ள இருக்கு. அன்சேஃப்னா, "இதைக் கம்பைலர் சோதிக்க வேண்டாம், சரியா இருக்குன்னு நான் பார்த்துக்கிறேன்"னு எழுதினவர் கொடுக்கிற வாக்கு.

கையால ஓட்டிப் பார்ப்போம்

இப்போ ரஃப் பேப்பரை எடுங்க. 8 கட்டம் போடுங்க.

டோக்கன் 1-ல இருந்து 7 வரை சேர்க்கிறோம். அவங்க 0-ல இருந்து 6 வரை உட்காருவாங்க. ஹெட் 7-ல நிக்குது, டெயில் 0-ல.

முன்னாடி இருந்து நாலு பேரை வெளியே எடுக்கிறோம். 1, 2, 3, 4 போயாச்சு. டெயில் 4-க்கு வருது. ஒரு முக்கியமான விஷயம்: எடுத்தா கட்டத்துல இருக்கிற பழைய மதிப்பு அழியாது. குறிகாட்டி மட்டும்தான் நகரும். அதனால 2-வது கட்டத்துல டோக்கன் 3-ஓட தடம் அப்படியே கிடக்குது.

இன்னும் மூணு பேரைச் சேர்க்கிறோம். 8-வது டோக்கன் 7-வது கட்டத்துக்குப் போகுது. 9-வது சுத்தி வந்து 0-ல, 10-வது 1-ல. ஹெட் இப்போ 2-ல. மொத்தம் 6 பேர், பயன்படுத்தலாம்னு சொன்ன இடம் 7. இன்னும் ஒருத்தருக்கு தாராளமா இடம் இருக்கு.

இந்த நேரத்துல யாரோ ரிசர்வைக் கூப்பிட்டு, "இன்னும் ஒருத்தருக்கு இடம் வேணும்"னு சொல்றாங்க. சரியான பதில், "இருக்கே, எதுவும் செய்ய வேண்டாம்."

பழைய கோடு என்ன செஞ்சதுன்னு பாருங்க. 6 பேர், காலி இடம் 1, புதுசா 1. கூட்டினா 8. ரெண்டின் அடுக்கும் 8. ஆக, புது கேப் 8. அடுத்த வரியில கேட்ட கேள்வி: "புது கேப், கெபாசிட்டியை விடப் பெருசா?" கெபாசிட்டி 7. 8 பெருசுதானே? ஆமா. உள்ளே போயிடுச்சு.

மாட்டினது இங்கதான். இடது பக்கத்துல காலி இடத்தையும் சேர்த்த எண், வலது பக்கத்துல அதைக் கழிச்ச எண். பாவோட மொத்த நீளத்தை நெய்யக்கூடிய நீளத்தோட ஒப்பிட்ட கதை. ரெண்டுமே முழு எண் டைப்தான், அதனால கம்பைலருக்குச் சந்தேகமே வராது.

உள்ளே போனதும் பஃபரைப் பெருசாக்கச் சொல்லுது. பஃபர் கிட்ட ஏற்கனவே 8 இடம் இருக்கு, அதனால அது சும்மா திரும்பிடுது. இது வரைக்கும் ஆபத்து இல்ல. ஆனா அடுத்த வரி, "பெருசாயிடுச்சு, ஆளுங்களை ஒழுங்கு பண்ணு." சுத்தி வந்த துண்டுல 2 பேர், மேல் துண்டுல 4 பேர். சின்னது ஆரம்பத் துண்டு. அதனால 0, 1-ல இருக்கிறவங்களை 8, 9-க்கு காப்பி பண்ணுது.

8-வது, 9-வது கட்டம் எங்க இருக்கு? இல்லவே இல்ல. அது பக்கத்து வீட்டுத் திண்ணை. ஹீப்ல அந்த இடத்துல வேற ஏதோ ஒரு டேட்டா இருக்கலாம், இல்லைன்னா அலொகேட்டரே தன் கணக்கு எழுதி வெச்ச இடமா இருக்கலாம். அது மேல எழுதியாச்சு. ஹெட்டோட 8-ஐக் கூட்டி 10-னு வெச்சாச்சு.

இன்னும் விபரீதம் என்னன்னா, க்யூவைப் படிச்சா இப்போதைக்கு எல்லாம் சரியாவே தெரியும். படிக்கும்போது எண்ணை 8-க்குள்ள சுத்திக்கிறதால 5, 6, 7, 8, 9, 10-னு ஒழுங்கா வரும். 0, 1-ல இருந்த பழைய பிரதி அழியலை இல்லையா, அதனால.

அடுத்து டோக்கன் 11-ஐச் சேர்க்கிறோம். ஹெட் 10-ல இருக்கிறதால அது 10-வது கட்டத்துல, மறுபடியும் வெளியேதான் எழுதப்படுது. அப்புறம் ஹெட் சுத்தி 3-க்கு வருது. இப்போ கடைசி ஆளைப் படிச்சா 2-வது கட்டத்துல பார்க்கும். அங்க யார் இருக்கா? எப்பவோ வெளியே போன டோக்கன் 3-ஓட தடம். 11 வர வேண்டிய இடத்துல 3 வந்து நிக்குது.

இது வெறும் எண்ணா இருந்தா தப்பான டோக்கன், அவ்வளவுதான். அதுவே ஸ்ட்ரிங்கா இருந்தா, ஏற்கனவே விடுவிச்ச மெமரியை மறுபடி தொடுறோம். இத்தனைக்கும் நாம எழுதின கோடுல அன்சேஃப்னு ஒரு வார்த்தை கூட இல்ல. சேர்த்தோம், எடுத்தோம், ரிசர்வ் பண்ணினோம். மூணுமே சேஃப்னு லைப்ரரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபங்ஷன்.

ஏன் யார் கண்ணுலயும் படல?

இந்தப் பிழை வெளியே வர மூணு விஷயம் ஒரே நேரத்துல நடக்கணும். க்யூ சுத்தி வந்திருக்கணும். கேட்கிற இடம் ஏற்கனவே இருக்கணும், ஆனா மொத்தத் தேவை பாதிக்கு மேல இருக்கணும், அப்போதான் புது கேப் பழைய கேப்புக்குச் சமமாகும். சுத்தி வந்த துண்டு மேல் துண்டை விடச் சின்னதா இருக்கணும். பெருசா இருந்தா இன்னொரு கிளைக்குப் போய், அதே இடத்துலயே திரும்ப எழுதிட்டு எல்லை தாண்டாம வந்துடும்.

நாம எப்படி டெஸ்ட் எழுதுவோம்? புதுசா ஒரு க்யூ, அதுல ரிசர்வ், அதுல சேர்க்கிறது. அப்படி எழுதினா க்யூ சுத்தியே வந்திருக்காது. ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருக்கிற சர்வர்லதான் சேர்க்கிறதும் எடுக்கிறதும் மாறி மாறி நடந்து சுத்தி வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். காப்பி பண்ற ஃபங்ஷனுக்குள்ள, "போற இடம் எல்லைக்குள்ள இருக்கா?"ன்னு ஒரு டீபக் அசர்ட் எழுதித்தான் வெச்சிருந்தாங்க. ஆனா டீபக் அசர்ட் ரிலீஸ் பில்டுல அணைஞ்சிருக்கும். நம்ம கைக்கு வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரி ரிலீஸ் பில்டுதான். காவலாளி இருந்தார், ஆனா பயிற்சி நாள்ல மட்டும்.

திருத்தமும், திருத்தாம விட்டதும்

திருத்தம் இதுதான்: "புது கேப், பழைய கேப்பை விடப் பெருசா?" கெபாசிட்டி இருந்த இடத்துல பழைய கேப். இப்போ நம்ம உதாரணத்துல 8, 8-ஐ விடப் பெருசா? இல்ல. ரிசர்வ் எதுவும் செய்யாம திரும்பிடும். ஒண்ணைக் கழிச்ச எண்ணோட ஒப்பிட்டதால, 'பெருசா'ங்கிற கேள்வி சத்தமில்லாம 'பெருசா, இல்லை சமமா'ன்னு மாறியிருந்தது. அதைச் சரி பண்ணினாங்க.

கோடு 2017-லயே சரியாயிடுச்சு. ஆனா பாதுகாப்புக் குறைபாடுகளுக்குப் பொதுவா எண் கொடுக்கிற சிவிஇ பட்டியல்ல இது வந்தது 2018-லதான், சிவிஇ-2018-1000657-ங்கிற எண்ணோட. இடைப்பட்ட காலத்துல, பழைய வெர்ஷனை வெச்சிருந்தவங்களுக்கு "உடனே மாத்துங்க"ன்னு சொல்ல ஒரு அறிவிப்பு இல்ல. ரஸ்ட்ல ஸ்டாண்டர்ட் லைப்ரரி பொதுவா நம்ம நிரலுக்குள்ளேயே சேர்ந்து கம்பைல் ஆகும். லைப்ரரியைத் திருத்தினா ஏற்கனவே கம்பைல் பண்ணி ஓடிக்கிட்டிருக்கிற நிரல் திருந்தாது. புது வெர்ஷன்ல மறுபடி கம்பைல் பண்ணணும். அதுக்கு முதல்ல விஷயம் தெரியணும். அதனால திருத்தம்னா கோடு மட்டும்னு நினைக்காதீங்க. சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்றதும் திருத்தத்துல பாதி.

இதுக்கு அடுத்த அனுபவம் 2018 செப்டம்பர்ல வந்தது. ஒரு ஸ்ட்ரிங்கை இத்தனை தடவை திரும்ப எழுதுன்னு சொல்ற ரிபீட் ஃபங்ஷன்ல, நீளத்தையும் தடவையையும் பெருக்கி மெமரி வாங்குவாங்க. பெருக்கல் வழிஞ்சா என்ன ஆகும்? 64 பிட் மெஷின்ல 4 பைட் ஸ்ட்ரிங்கை 2-ன் 62-வது அடுக்கோட ஒண்ணு கூட்டின எண்ணிக்கையில திரும்ப எழுதச் சொன்னா, விடை 2-ன் 64-வது அடுக்கு கூட்டல் 4. 64 பிட்டுக்குள்ள மிஞ்சுறது வெறும் 4. ஆக, 4 பைட் வாங்கிட்டு எல்லையில்லாம எழுத ஆரம்பிக்கும். 1.26-ல இருந்து 1.29.0 வரை இது இருந்தது. இந்தத் தடவை வெளிப்படையா பாதுகாப்பு அறிவிப்பு கொடுத்தாங்க, சில நாள்லயே 1.29.1-னு தனி வெர்ஷன் விட்டாங்க. இப்போ பெருக்கல் வழிஞ்சா நிரல் அங்கேயே நின்னுடும். நிக்கிறது நஷ்டம்தான், ஆனா அடுத்தவர் மெமரியில எழுதுறதை விட எவ்வளவோ மேல்.

சி-ல கோடு எழுதுறவங்களுக்கு இதுல ஒரு பாடம் உண்டு. மாலாக் அடைப்புக்குள்ள நாமளே ரெண்டு எண்ணைப் பெருக்கிக் கொடுத்தா, வழிஞ்சது அதுக்குத் தெரியாது. காலாக்குக்கு எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியா கொடுத்தா, இன்றைய லைப்ரரிகள் பெருக்கலைச் சோதிச்சுட்டு, முடியாதுன்னா நல் பாயின்டரைத் திருப்பித் தரும்.

வேரோட எடுத்த நாள்

வெக்டெக் கதை 2017-ல முடியல. 2023 ஜனவரியில வந்த ரஸ்ட் 1.67-ல அதோட உள்ளமைப்பையே மாத்தி எழுதினாங்க. ரெண்டு குறிகாட்டிக்குப் பதிலா, முதல் ஆள் இருக்கிற இடமும் மொத்தம் எத்தனை பேர்ங்கிற எண்ணும். எண்ணிக்கை 0-ன்னா எம்ப்டி. எண்ணிக்கை மொத்த இடத்துக்குச் சமம்னா ஃபுல். இனிமே காலி இடமே தேவையில்ல. 8 இடம்னா 8 பேர். கேப்பும் கெபாசிட்டியும் ஒரே எண்ணாயிடுச்சு, குழப்பிக்க ரெண்டு எண்ணே இல்ல.

முதல் திருத்தம் ஒரு பிழையைச் சரி பண்ணுச்சு. இந்த மாத்தம் அந்த வகைப் பிழை பிறக்கிற இடத்தையே எடுத்துடுச்சு. வைவால "ஏன் ஒரு இடம் காலி?"ன்னு கேட்டா, இனிமே இதையும் சேர்த்துச் சொல்லுங்க: "எண்ணிக்கையைத் தனியா வெச்சா காலி விட வேண்டியதே இல்ல சார்."

இந்த வாரக் கடைசியில

படிச்சதோட விட்டுடாதீங்க. உங்க லேப் சர்குலர் க்யூவை எடுத்து, அதுக்கு ஒரு ரிசர்வ் எழுதுங்க. பக்கத்துலயே சாதாரண அர்ரேல, நகர்த்தி நகர்த்தி வேலை செய்ற ஒரு மந்தமான க்யூவும் எழுதுங்க. ரேண்டமா சேர், எடு, ரிசர்வ்னு ஒரு லட்சம் தடவை ரெண்டுலயும் ஒரே வேலையைச் செய்ய வெச்சு, ஒவ்வொரு அடியிலயும் ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடுங்க. கூடவே அட்ரஸ் சானிடைசரை ஆன் பண்ணி கம்பைல் பண்ணுங்க, எல்லை தாண்டி எழுதின அந்த வரியிலேயே பிடிச்சுக் கொடுக்கும். வேணும்னே கேப் இருக்கிற இடத்துல கெபாசிட்டி போட்டுப் பாருங்க, எத்தனாவது அடியில மாட்டுதுன்னு தெரியும்.

அப்புறம் உங்க ப்ராஜெக்ட் கோடைத் திறந்து, சைஸ், லென், கவுன்ட், மேக்ஸ்னு பேர் வெச்ச ஒவ்வொரு வேரியபிளையும் ஒரு தடவை கேளுங்க: நீ மொத்த பாவோட நீளமா, இல்ல நெய்யக்கூடிய நீளமா? பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினா, அந்தப் பேரை இன்னைக்கே மாத்திடுங்க.